ஆற்றோடு போனது எங்கே போய்ச் சேருகிறது?

(கல்லங்குறிச்சியில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் பேசியது)



போன தடவை நான் வந்தபோது ஓர் அம்மா கேட்டார்கள்: "பச்சைப் பிள்ளை வெளிக்குப் போறதுல என்னங்க இருக்கு? பால் குடிக்கிற பிள்ளைதானே. துணியை வாய்க்கால்ல அலசினா தண்ணியோட ஓடியே போயிடுது." அன்றைக்கு அவசரத்தில் ஏதோ அரைகுறையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டேன். இன்றைக்கு அதை மட்டும்தான் பேசப் போகிறேன். ஓடிப் போகிறது, சரி. எங்கே ஓடிப் போகிறது?

இந்தப் பக்கத்து ஓடைகள் பலவும் மருதையாற்றில் விழுகின்றன. மருதையாறு கொள்ளிடத்தில் சேருகிறது. திருமழபாடி, திருமானூர் பக்கமாக வருகிற கொள்ளிடம் அதையும் சேர்த்துக்கொண்டு அணைக்கரைக்குப் போகிறது. அங்கே 1836-இல் கட்டிய கீழணை இருக்கிறது. கீழணையிலிருந்து வடவாறு பிரிந்து வீராணம் ஏரிக்குப் போகிறது. 2004-ஆம் ஆண்டு முதல் வீராணத்துத் தண்ணீரை வடக்குத்து என்ற ஊரில் சுத்தம் செய்து, குழாய் வழியாகச் சென்னைக்கு அனுப்புகிறார்கள். நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் அனுப்புவதற்கான திட்டம் அது. நம்ம ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் சென்னையில் வேலை பார்க்கிறார்கள். நீங்கள் இங்கே அலசியதில் ஒரு துளி அங்கே உங்கள் மகன் வீட்டுக் குழாய் வரைக்கும் போகப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"அதான் மருந்து போட்டுச் சுத்தம் பண்றாங்களே" என்று கேட்பீர்கள். பண்ணுகிறார்கள். ஆனாலும் டில்லியில் நடந்ததைக் கேளுங்கள். டில்லிக்காரர்கள் யமுனை ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கிறார்கள். வசீராபாத் என்ற இடத்தில் ஆற்றிலிருந்து தண்ணீரை எடுக்கிறார்கள். அதற்குச் சற்றுக் கீழே நஜப்கர் சாக்கடை ஆற்றில் கலக்கிறது. 1955-இல் வெள்ளம் வந்து வடிந்தபோது ஆறு தடம் மாறிப் போச்சு. நவம்பர் மாதத்தில் சாக்கடைத் தண்ணீர் மேல் நோக்கி ஏறி, குடிதண்ணீர் எடுக்கிற வாய்க்கே வந்துவிட்டது. நிலையத்தார் சும்மா இருக்கவில்லை. குளோரினைக் கூட்டிப் போட்டார்கள். அதனால் டைபாய்டு பெருகவில்லை. எல்லாரும் தப்பித்தோம் என்றிருந்தார்கள். சில வாரம் கழித்து மஞ்சள் காமாலை கிளம்பியது. சுமார் 29,300 பேருக்கு வந்தது! பெரும்பாலான கிருமிகளைக் கொன்ற குளோரினுக்கு ஒரு வைரஸ் தப்பிவிட்டது. அதற்கு ஹெபடைடிஸ்-ஈ என்று பின்னாளில் பெயர் வைத்தார்கள்.

இந்தக் காமாலை மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானே இறங்கிவிடும். கர்ப்பிணிகளை மட்டும் விடாது. அதிலும் ஏழு மாதத்துக்கு மேல் வந்தால் தாயையும் பிள்ளையையும் சேர்த்துக் கொண்டுபோகக்கூடிய நோய் அது. கணவன்மார்களே, இதை நீங்கள்தான் முக்கியமாக மனதில் வைக்க வேண்டும். வயிற்றுப் பிள்ளைக்காரிக்குக் கண் மஞ்சளாகத் தெரிந்தால், கை வைத்தியம், மந்திரிப்பு என்று ஒரு நாளைக்கூட வீணாக்காதீர்கள். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள்.

சரி, ஆறு இவ்வளவு நீளம். அசிங்கம் எங்கே கலந்தது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? திருடனின் கால் தடத்தைப் பார்த்துக்கொண்டே போகிற மாதிரிதான். மனிதன், மாடு, ஆடு எல்லாவற்றின் குடலிலும் ஈ-கோலி என்று ஒரு கிருமி உண்டு. தண்ணீரில் அது இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று அர்த்தம். குடிக்கிற தண்ணீரில் 100 மில்லி எடுத்துப் பார்த்தால் அதில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது இந்திய அரசின் தர நிர்ணயம். சுத்தமான பாட்டிலில் தண்ணீரைப் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, சீக்கிரமாகப் பரிசோதனைச் சாலைக்குக் கொண்டுபோகிறார்கள். ஒரு பாலத்தடியில் ஒன்று, அதற்கு மேலே ஒன்று, வாய்க்கால் வந்து விழுகிற இடத்துக்கு மேலும் கீழும் ஒவ்வொன்று என்று எடுத்துக்கொண்டே ஆற்றை எதிர்த்து நடக்கிறார்கள். எந்த இடத்தில் எண்ணிக்கை திடீரென்று ஏறுகிறதோ அங்கே நிற்கிறார்கள்.

மழை பெய்ததும் ஏறினால், கரையிலும் கொல்லையிலும் கிடந்தது அடித்துக்கொண்டு வருகிறது. மழையே இல்லாத நாளிலும் ஏறியே இருந்தால், எங்கேயோ குழாயோ செப்டிக் டேங்க்கோ திறந்துவிடப்பட்டிருக்கிறது. சலவைத் தூளில் துணியைப் பளிச்சென்று காட்ட ஒரு பொருள் சேர்க்கிறார்கள். அதையும் தண்ணீரில் தேடுவார்கள். அது இருந்தால் வீட்டுக் கழிவுதான், சந்தேகமில்லை. மாட்டினுடையதா மனிதனுடையதா என்று பிரிப்பதற்கும் இப்போது வழி இருக்கிறது. மனிதக் குடலோடு ஒட்டிய சில கிருமிகளின் மரபணுவைப் பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள். மாட்டுச் சாணத்தாலும் நோய் வரும். ஆனால் காலரா, டைபாய்டு, இளம்பிள்ளை வாதம் எல்லாம் மனித மலத்தின் வழியாகத்தான் பரவும்.

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். பேதியாகிற பச்சைப் பிள்ளையின் மலத்தில், ஒரு கிராமில் மட்டும், கோடிக்கணக்கான வைரஸ் இருக்கும். பெரியவர்களுடையதைவிட அதுதான் மோசம். ஆகவே துணியை வாய்க்காலில் அலசாதீர்கள். மலத்தைக் கழிப்பறையில் கொட்டிவிட்டு, துணியை வீட்டிலேயே சோப்புப் போட்டுத் துவைத்து, அந்தத் தண்ணீரையும் கழிப்பறையிலேயே ஊற்றுங்கள். பிறகு சோப்பால் கை கழுவுங்கள்.

கழிப்பறை கட்டுகிறவர்கள் இரட்டைக் குழியாகக் கட்டுங்கள். ஒன்று நிரம்பினால் மற்றதுக்கு மாற்றிவிட்டு, முதல் குழியை இரண்டு வருஷம் மூடிவையுங்கள். பிறகு அது வாடையில்லாத எருவாகிவிடும், வயலில் போடலாம். கிணற்றிலிருந்து பத்து மீட்டராவது தள்ளித் தோண்டுங்கள். செப்டிக் டேங்க் வைத்திருக்கிறவர்கள், லாரிக்காரர் அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ராத்திரியில் ஓடையில் திறந்துவிட்டால், காசு கொடுத்து ஆற்றைக் கெடுத்தவர் நீங்கள்தான். ராமநவமிக்குப் பெருமாள் கோயிலுக்கு வருகிற உறவுக்காரர்களுக்கும் உங்கள் வீட்டுக் கழிப்பறையைக் காட்டுங்கள். ஓடைப் பக்கம் அனுப்பாதீர்கள்.

அளவான குடும்பம் என்று நாங்கள் வந்து வந்து சொல்கிறோம். பெற்றது இரண்டும் தங்கும் என்ற தைரியம் இருந்தால்தானே அதை மனசார ஏற்பீர்கள்? எனக்கு இது நன்றாகத் தெரியும். அந்தத் தைரியத்தில் பாதி தண்ணீரில் இருக்கிறது. பிள்ளைக்குப் பேதியானால் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை, காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். நர்ஸம்மாவிடம் துத்தநாக மாத்திரை வாங்கி 14 நாள் கொடுங்கள்.

கடைசியாக, இதோ ஒரு சின்ன பாட்டில். உள்ளே மருந்து தோய்த்த காகிதம் இருக்கிறது. குவாலியர் விஞ்ஞானிகள் 1982-இல் எழுதி வெளியிட்ட முறை. கோடு வரைக்கும் தண்ணீரை ஊற்றி, மூடி, ஒரு நாள், ஒன்றரை நாள் வைத்தால் போதும். கறுத்துப்போனால் மலக் கலப்பு இருக்கலாம், காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. கறுக்காவிட்டாலும் கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் காய்ச்சித்தான் கொடுக்க வேண்டும், டில்லிக் கதை ஞாபகமிருக்கிறதல்லவா? உங்கள் கிணறு, கைப்பம்பு, மேல்நிலைத் தொட்டி மூன்றிலிருந்தும் இப்போதே பிடித்து வாருங்கள். பாட்டில்களை இங்கே திண்ணையிலேயே வைத்துவிட்டுப் போகிறேன். நாளை மறுநாள் எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம்.