கண் தெரியாதவருக்குக் கல்வி



கண் தெரியாத பிள்ளை ஒரு வீட்டில் இருந்தால் நம் மக்கள் என்ன செய்கிறார்கள்? "முன்ஜன்மப் பாவம்" என்கிறார்கள். கோவில் கோவிலாகத் தூக்கிச் சென்று வேண்டிக் கொள்ளுகிறார்கள். அது பலிக்காமற் போனால் "தலைவிதி" என்று சொல்லி, திண்ணை மூலையில் உட்கார வைத்துச் சோறு போடுகிறார்கள். இதற்குப் பெயர் இரக்கமாம்! கண்ணைக் கெடுத்த நோயைவிட இந்த இரக்கமே கொடுமையானது என்பது நமது அபிப்பிராயம்.

பிரஞ்சு தேசத்தில் 1809-ல் ஒரு சேணத் தொழிலாளிக்கு மகனாய்ப் பிறந்தவர் லூயி பிரெய்லி. மூன்று வயதில், தகப்பனார் பட்டறையில் விளையாடும்போது தோல் தைக்கும் ஊசி கண்ணில் குத்திற்று. புண் புரையோடி மற்றக் கண்ணும் போயிற்று. இதில் முன்ஜன்மம் எங்கே வந்தது? பாவம் எங்கே வந்தது? ஊசி பிள்ளையின் கைக்கு எட்டும்படி கிடந்தது, அவ்வளவுதான். பெற்றோரோ அவரை மூலையில் வைக்கவில்லை. 1819-ல் பாரிஸ் நகரத்துப் பள்ளிக்கு அனுப்பினார்கள்.

அங்கே, கண்ணுள்ளவர்களின் எழுத்தையே மேடாக அச்சிட்டுத் தடவிப் படிக்கச் சொன்னார்கள். வாசிப்பது பெரும்பாடு, கையால் எழுதவோ வழியில்லை. பிறகு, பட்டாளத்தில் இருந்த பார்பியே என்பவரின் 12 புள்ளி முறை வந்தது. அது விரல் நுனிக்குள் அடங்கவில்லை. பிரெய்லி தமது 15-வது வயதில் அதை 6 புள்ளியாகக் குறைத்தார். ஆறே புள்ளியில் 63 அடையாளங்கள்! 1829-ல் புத்தகமும் வெளியிட்டார். ஆனாலும் அவர் படித்து, உபாத்தியாயராகவும் இருந்த அந்தப் பள்ளியே அதை முறைப்படி ஏற்றுக்கொண்டது 1854-ல். அவர் இறந்ததோ 1852-ல். தோழர்களே, யாருக்கு எது படிப்பு என்பதை மேலே இருப்பவனே தீர்மானிப்பது என்றால், அது எந்த நாட்டிலும் இப்படித்தான் முடியும். இது நமக்குத் தெரியாத சங்கதியா?

தமிழிலும் இம்முறை இருக்கிறது. கொம்பு, கால் என்ற தொல்லை அதில் இல்லை. 'கெ' என்பதற்கு 'க' அடையாளத்தை அடுத்து 'எ' அடையாளம், அவ்வளவே. 247 எழுத்துக்கும் தனித்தனி வடிவம் வேண்டுவதில்லை. எழுத்துச் சீர்திருத்தம் என்றால் மொழி கெட்டுவிடும் என்று கூச்சலிட்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பிள்ளைக்கு எடுத்தவுடன் புள்ளியைக் காட்டக்கூடாது. முதலில் விரலைப் பழக்க வேண்டும். அவரையையும் உளுந்தையும் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொல்லலாம். ஆறு குழியுள்ள பலகையில் புளியங்கொட்டை வைத்து இடங்களைக் கற்பிக்கலாம். பிறகுதான் தாள். அழுத்தாமல் லேசாகத் தடவி, இரண்டு கைகளாலும் வாசிக்க வேண்டும். எழுதும்போது சட்டத்தில் தாளை மாட்டி, வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும். திருப்பினால் இடமிருந்து வலமாய் வாசிக்கலாம்.

"இப்போது கைப்பேசியே படித்துச் சொல்லுகிறதே, எழுத்து எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். கேட்கட்டும். அவர்கள் வீட்டுக் கண்ணுள்ள பிள்ளைக்கு ரேடியோ போதும், எழுத்து வேண்டாம் என்பார்களா? காதால் கேட்பவன் பிறர் சொல்வதை அறிவான். எழுதத் தெரிந்தவனே தன் எண்ணத்தைத் தானே எழுதித் தானே திருத்துவான்.

பாளையங்கோட்டையில் 1890-லேயே இவர்களுக்குப் பள்ளி ஏற்பட்டது. 2016-ம் வருஷத்துச் சட்டப்படி 6 வயது முதல் 18 வயது வரை இப்பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி பெற உரிமை உண்டு. ஆகவே, உங்கள் தெருவில் அப்படி ஒரு பிள்ளை திண்ணையில் உட்கார்ந்திருந்தால், நாளைக்கே அதன் பெற்றோரைக் கண்டு பேசி, பள்ளியில் சேர்க்கும்படி கேட்டுக் கொண்டு இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம்.