நகரச் சாலை யாருக்கு? வாகன நிறுத்தமும் மிதிவண்டித் தடமும்

(உள்ளாட்சி மன்ற உறுப்பினர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

மாமன்றக் கூட்டத்தின் பொருள்நிரலில் வாகன நிறுத்தம் குறித்த தீர்மானம் இடம்பெற்றால், அதைச் சில்லறை விவகாரமாகக் கருதும் வழக்கம் பரவலாக உள்ளது. குடிநீர், சொத்து வரி, தூய்மைப் பணியாளர் ஊதியம் ஆகியவற்றில் காட்டப்படும் கவனம் இதில் காட்டப்படுவதில்லை. கட்டணம் என்ற சொல் இருந்தால் எதிர்த்து வாக்களிப்பது, மிதிவண்டித் தடம் என்ற சொல் இருந்தால் கைதட்டி வரவேற்பது என்பதோடு கடமை முடிந்துவிடுகிறது. இரண்டுமே போதாதவை. வாகன நிறுத்தம் அடிப்படையில் ஒரு நிலப் பிரச்சனை. நகரின் மையத்தில் உள்ள, மிக அதிக விலை மதிப்புள்ள பொது நிலத்தை எந்த வர்க்கம் பயன்படுத்துகிறது, அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்ற பிரச்சனை.

காருக்கு 23, குடும்பத்துக்கு 25

டெல்லியின் 2021ஆம் ஆண்டுக்கான மாஸ்டர் பிளான், திறந்தவெளியில் ஒரு காரை நிறுத்துவதற்கு, அது வந்து திரும்பும் இடத்தையும் சேர்த்து, 23 சதுர மீட்டர் தேவை என்று கணக்கிடுகிறது. 2005 டிசம்பரில் தொடங்கப்பட்ட ஜவஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புதுப்பித்தல் திட்டத்தில், நகர்ப்புற ஏழைக் குடும்பத்துக்குக் கட்டித் தரப்படும் வீட்டின் குறைந்தபட்சப் பரப்பு 25 சதுர மீட்டர். ஒரு குடும்பம் முழுவதும் சமைத்து, உண்டு, உறங்கும் இடத்துக்கும், நாளின் பெரும்பகுதி அசையாமல் நிற்கும் ஓர் எந்திரத்துக்கும் ஏறத்தாழ ஒரே அளவு. அந்த வீட்டுக்காக ஏழைக் குடும்பம் ஆண்டுக்கணக்கில் மனுக் கொடுத்துக் காத்திருக்கிறது. கார் எந்த மனுவும் கொடுப்பதில்லை.

இந்தச் சாலைகளில் செல்பவர்கள் யார்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, விவசாயமும் வீட்டுத் தொழிலும் தவிர்த்த சுமார் 20 கோடி உழைப்பாளர்கள் வேலைக்கு எப்படிச் செல்கிறார்கள் என்று பதிவு செய்தது. சுமார் 4.5 கோடிப் பேர் நடந்து செல்கிறார்கள். சுமார் 2.6 கோடிப் பேர் மிதிவண்டியில் செல்கிறார்கள். காரில் செல்பவர்கள் 3 சதவீதத்துக்கும் குறைவு. அதே கணக்கெடுப்பின்படி மிதிவண்டி வைத்திருந்த குடும்பங்கள் 44.8 சதவீதம், கார் வைத்திருந்தவை 4.7 சதவீதம். அதன் பின்னர் வாகனங்களின் எண்ணிக்கை பெருகியுள்ளது என்றாலும், சாலையோரத்தில் மிகுதியான இடத்தை எடுத்துக்கொள்வது மக்களில் ஒரு சிறு பகுதியே என்ற நிலை மாறிவிடவில்லை.

புனே தரும் பாடம்

ஒரு காலத்தில் மிதிவண்டிகளின் நகரம் என்று பெயர் பெற்றிருந்தது புனே. ஆலைத் தொழிலாளியும் கல்லூரி மாணவரும் அலுவலக ஊழியரும் மிதிவண்டியில் சென்ற நகரம் அது. பேருந்துப் போக்குவரத்து நகர வளர்ச்சிக்கு ஈடு கொடுக்காமல் பின்தங்கியபோது, மக்கள் இரு சக்கர மோட்டார் வாகனங்களுக்கு மாறினர். 2006இல் கத்ரஜ் - ஹடப்சர் வழித்தடத்தில் விரைவுப் பேருந்துத் தடம் சோதனை முறையில் தொடங்கப்பட்டபோது, மிதிவண்டித் தடங்களும் அமைக்கப்பட்டன. பின்னர் வேறு சாலைகளிலும் தடங்கள் போடப்பட்டன. ஆனால் அவை தொடர்ச்சியாக இல்லை. சந்திப்பு வந்ததும் தடம் முடிந்துவிடும். நடுவில் மின்கம்பம் நிற்கும். எஞ்சிய இடத்தில் மோட்டார் வாகனங்கள் நிறுத்தப்பட்டிருக்கும்.

2017 டிசம்பரில் மாநகராட்சி மன்றம் 824 கிலோமீட்டர் மிதிவண்டித் தட வலைப்பின்னலைக் கொண்ட விரிவான திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. சில மாதங்களில், 2018 மார்ச்சில், நகரம் முழுவதற்குமான வாகன நிறுத்தக் கட்டணக் கொள்கை அதே மன்றத்தின் முன் வந்தது. கடும் எதிர்ப்பு எழுந்தது. கடைசியில் ஐந்து சாலைகளில் மட்டும் சோதனை முறையில் செயல்படுத்துவது என்று கொள்கை சுருக்கப்பட்டது. அந்த ஐந்து சாலைகளிலும்கூட ஆண்டுகள் பல கடந்தும் அது ஏட்டளவில்தான் இருந்தது.

இந்த இரண்டு தீர்மானங்களையும் தனித்தனியாகப் பார்த்ததுதான் பிழை. சாலையின் அகலம் வரையறுக்கப்பட்டது. நிறுத்தப்பட்ட வாகனத்திடமிருந்து இடத்தை மீட்காமல் மிதிவண்டிக்கு இடம் தர முடியாது. வாகன நிறுத்தத்தைத் தொட மறுக்கும் மன்றம் மிதிவண்டித் தடத்துக்கு ஒப்புதல் தருவது, நிலம் கொடுக்காமல் பட்டா மட்டும் கொடுப்பதற்கு ஒப்பாகும். அதே காலத்தில் செயலி வழி வாடகை மிதிவண்டி நிறுவனங்கள் பெரும் விளம்பரத்தோடு புனேவுக்குள் வந்தன. ஓரிரு ஆண்டுகளில் பெரும்பாலும் மறைந்தன. சொந்த மிதிவண்டியில் வேலைக்குச் செல்பவருக்கு அவற்றால் ஓர் அடி பாதுகாப்பான தடம்கூடக் கிடைக்கவில்லை.

சாலையில் வர்க்கப் போராட்டம்

இடத்தை மாற்றிப் பங்கிட முயன்றால் என்ன நடக்கும் என்பதை டெல்லி காட்டியது. 2008இல் அம்பேத்கர் நகருக்கும் மூல்சந்துக்கும் இடையே 5.8 கிலோமீட்டர் தூரத்துக்குப் பேருந்துக்கும் மிதிவண்டிக்கும் தனித் தடங்கள் ஒதுக்கப்பட்டன. காரில் செல்வோரின் நேரம் வீணாகிறது என்ற கூக்குரல் ஊடகங்களில் ஓயாமல் ஒலித்தது. தடத்தை எதிர்த்த வழக்கை 2012 அக்டோபரில் டெல்லி உயர் நீதிமன்றம் ஏற்க மறுத்தது. ஆயினும் 2016இல் அந்தத் தடம் அகற்றப்பட்டது. வடிவமைப்பில் குறைகள் இருந்தன என்பது உண்மை. குறைகளைத் திருத்துவதற்குப் பதிலாகத் தடத்தையே அகற்றியதுதான் அரசியல்.

கொல்கத்தாவில் 2013இல் காவல்துறை 174 சாலைகளில் மிதிவண்டி உள்ளிட்ட மோட்டார் அல்லாத வாகனங்களுக்குத் தடை விதித்தது. பால் விற்பவரும், செய்தித்தாள் போடுபவரும், வீட்டு வேலைக்குச் செல்பவரும் அபராதத்துக்கு ஆளானார்கள். எதிர்ப்புக்குப் பின்னர் தடைப் பட்டியல் குறைக்கப்பட்டது, முற்றிலும் நீக்கப்படவில்லை.

முடிவெடுப்பது யார்?

அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் பன்னிரண்டாவது அட்டவணையில் சாலைகளும் பாலங்களும், தெருவிளக்கு, வாகன நிறுத்துமிடம், பேருந்து நிறுத்தம் உள்ளிட்ட பொது வசதிகளும் நகராட்சிகளுக்குரிய பொருள்களாகக் குறிக்கப்பட்டுள்ளன. நடைமுறையில் போக்குவரத்துக் காவல்துறை ஒருபுறம் ஆணையிடுகிறது. 2015இல் தொடங்கப்பட்ட பொலிவுறு நகரங்கள் திட்டம், கம்பெனிச் சட்டத்தின் கீழ் அமைந்த தனி நிறுவனங்களிடம் நகர வடிவமைப்பை ஒப்படைத்தது. புனே மாமன்றத்தின் பதவிக்காலம் 2022 மார்ச்சில் முடிந்தபின், மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகத் தேர்தலே இன்றி நிர்வாகியின் ஆட்சி நடந்தது. கேள்வி கேட்க மன்றமே இல்லாத இடத்தில் சாலையின் பங்கீட்டைக் காரின் குரலும் ஒப்பந்தக்காரரின் குரலும் தீர்மானிக்கும்.

என்ன நிலை எடுப்பது?

கட்டணத் தீர்மானம் வரும்போது கண்ணை மூடிக்கொண்டு எதிர்ப்பது சரியல்ல. 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையே, நிறுத்தக் கட்டணம் நிலத்தின் மதிப்பைப் பிரதிபலிக்க வேண்டும் என்கிறது. இலவச நிறுத்தம் என்பது கார் வாங்க வசதியற்றவர்கள் கார் வைத்திருப்பவர்களுக்கு அளிக்கும் மானியம். அதேவேளையில் கண்ணை மூடிக்கொண்டு ஆதரிப்பதும் ஆபத்து. பேருந்து வராத பகுதியிலிருந்து கடன் வாங்கிய இரு சக்கர வாகனத்தில் வேலைக்கு வரும் தொழிலாளியையும், உணவு விநியோகத் தொழிலாளியையும் கார் முதலாளியோடு ஒரே தராசில் நிறுத்தும் கட்டணம் அநீதியானது.

எனவே ஒவ்வொரு தீர்மானத்தையும் நான்கு கேள்விகளால் உரசிப் பார்க்க வேண்டும்.

முதலாவது, மீட்கப்படும் இடம் யாருக்குப் போகிறது? நடப்பவருக்கும் மிதிவண்டிக்கும் பேருந்துக்கும் போகிறதா, அல்லது வேறொரு கார் வரிசைக்கா?

இரண்டாவது, கட்டணம் யார் மீது விழுகிறது? மிதிவண்டிக்கும் மாற்றுத்திறனாளிகளின் வாகனத்துக்கும் முழு விலக்கு வேண்டும். இரு சக்கர வாகனத்துக்கு, பேருந்து வசதி முன்னேறாத வரை, சலுகை வேண்டும்.

மூன்றாவது, வசூலாகும் பணம் எங்கே போகிறது? தனியார் ஒப்பந்தக்காரரின் பைக்குள் போகும் கட்டணத்தை எதிர்க்க வேண்டும். வருவாய் பேருந்துக்கும் நடைபாதைக்கும் என ஒதுக்கப்பட வேண்டும். வசூலிக்கும் ஊழியர்கள் மாநகராட்சியின் ஊழியர்களாக, சட்டப்படியான ஊதியம் பெறுபவர்களாக இருக்க வேண்டும்.

நான்காவது, இந்தத் திட்டத்தின் பெயரால் சாலையோர வியாபாரிகள் விரட்டப்படுகிறார்களா? 2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து சான்று வழங்கப்படும் வரை எவரையும் அப்புறப்படுத்தக் கூடாது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். நடைபாதையில் கீரை விற்கும் பெண்ணை ஆக்கிரமிப்பாளர் என்று சொல்லும் அதிகாரி, அதே நடைபாதையில் ஏறி நிற்கும் காரை அவ்வாறு அழைப்பதில்லை. அந்த அளவுகோலை மன்றத்திலேயே அம்பலப்படுத்த வேண்டும்.

தோழர்களே! மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகராட்சிகளில் வார்டு குழுக்கள் அமைக்கப்பட வேண்டும் என்கிறது அரசியலமைப்பு. அவை கூட்டப்படாத இடங்களில் கூட்டக் கோருவதே முதல் பணி. தீர்மானம் மன்றத்துக்கு வரும் முன்பே, ஆலை வாயிலில் மிதிவண்டி நிறுத்தும் தொழிலாளர்களையும், வியாபாரிகள் சங்கத்தையும், பேருந்து ஊழியர் சங்கத்தையும் சந்தித்து, சாலையில் அவர்களுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று அவர்களோடு சேர்ந்து அளந்து பார்க்க வேண்டும். அந்த அளவோடு மன்றத்துக்குள் நுழையும் உறுப்பினரின் பேச்சுக்கு வலிமை கூடும். பொதுச் சாலை மக்களின் வரியால் போடப்பட்டது. அதில் மக்களின் பங்கை மீட்கும் போராட்டம் அடுத்த மன்றக் கூட்டத்தின் பொருள்நிரலிலேயே தொடங்கட்டும்.