மணற்பலகையும் கலெக்டரின் கடிதமும்



உபாத்தியாயர்களைப் பழக்குவதற்குப் பயிற்சிக் கலாசாலைகள் இருக்கையில், கல்வியையே ஆராய்வதற்குச் சர்வகலாசாலையில் தனித்துறை எதற்கு என்று கேட்கும் பெரியோர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் கல்விக்குப் பகைவர்கள் அல்லர். ஆதலால் அவர்களுக்குச் சிரத்தையோடு விடை கூறக் கடமைப்பட்டிருக்கிறேன். அவ்விடையைச் சென்னைப் பட்டணத்திலிருந்தே தொடங்குகிறேன்.

1789-இல், எழும்பூரில் படைவீரர்களின் அநாதைச் சிறுவர்களுக்கென ஏற்பட்ட பள்ளியின் மேற்பார்வையை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், ஒரு நாள் குதிரைமேற் செல்லும்பொழுது, உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகுவதைக் கண்டார். அம்முறையைக் கையாளத் தம் உதவி ஆசிரியர் இணங்காமற் போகவே, பிரிஸ்கன் என்ற சிறுவன் ஒருவனையே இளைய பிள்ளைகளுக்குக் கற்பிக்க அமர்த்தினார். நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை செய்துவந்த வேலைதான் அது. 1797-இல் அவர் வெளியிட்ட நூலினால் 'சென்னை முறை' என்று பெயர் பெற்று, இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் அது வெகுவாகப் பரவிற்று. 1832-இல் அவர் காலஞ்சென்றபின், அவர் விட்டுச்சென்ற பொருளைக் கொண்டே 1876-இல் எடின்பரோவிலும் செயின்ட் ஆண்ட்ரூஸிலும் கல்விப் பேராசிரியர் பதவிகள் நிறுவப்பெற்றன. பிரிட்டிஷ் சர்வகலாசாலைகளில் இத்துறைக்கு அவையே முதற் பதவிகள். நம் துறையின் வமிசாவளியில் பெயர் தெரியாத ஓர் அண்ணாவியும் இருக்கிறார் என்பதை நினைக்குந்தோறும் என் மனம் நெகிழ்கிறது.

ஆயினும், மணலும் சட்டாம்பிள்ளையும் கப்பலேறிய இந்நாட்டில், அந்த மணலண்டை வந்து உட்காராத பிள்ளைகள் எத்தனை பேர் என்று பெல் கேட்கவில்லை. ஏழைக் குழந்தைகள் அனைவருக்கும் எழுத்தும் கணக்கும் கற்பிப்பது அவசியம் என்று கூட அவர் கருதியவரல்லர். அக்கேள்வியைக் கேட்டவர் சென்னை மாகாணக் கவர்னர் தாமஸ் மன்றோ. 1822-இல் அவர் ஜில்லா கலெக்டர்களிடம் கணக்குக் கேட்டார். 1826-இல் தொகுத்தபோது, 1,28,50,941 மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் இருந்தமை தெரியவந்தது. அவர்களுள் பெண் குழந்தைகள் 4,540 பேரே. சாதிவாரியாகவும் ஆண் பெண் என்றும் கட்டங்கள் வகுத்த அந்தப் பட்டியல், பாடம் நடத்தும் முறையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. சமுதாயம் எவ்வெவர்க்குப் பள்ளிக் கதவைத் திறந்தது, எவ்வெவர்க்கு அடைத்தது என்பதையே சொல்கிறது.

இவற்றினும் என்னை அதிகமாகப் பாதித்தது பல்லாரி கலெக்டர் காம்பெல் 1823-இல் எழுதிய கடிதம். சிக்கனமாக எழுத்துப் பயிற்றுவதையும், முதிர்ந்த மாணாக்கர் இளையோர்க்குக் கற்பிப்பதையும் மனமாரப் புகழ்ந்து, இங்கிலாந்து இதைப் பின்பற்றியது தகுதியே என்று எழுதிய அதே கரம், அதே கடிதத்தில், முன்பு பள்ளிகள் இருந்த பல கிராமங்களில் இப்போது பள்ளியே இல்லை என்றும், வறுமையினால் பெற்றோர், பிள்ளையின் கைகால்கள் சற்றே வலுத்தவுடன் உழைப்புக்கு அனுப்பிவிடுகின்றனர் என்றும் எழுதிற்று. முறை சிறந்தது, கற்க வேண்டிய பிள்ளையோ வயலில் நின்றது. இவ்விரண்டையும் ஒருங்கே நோக்கும் கண்ணை எந்தப் பயிற்சிக் கலாசாலை தனித்து அளிக்கக்கூடும்? பொருளாதாரமும் சரித்திரமும் சாதி வழக்கமும் பெண்ணின் நிலையும் கூடிய இடத்திலன்றி அந்தப் பிள்ளையைக் காண முடியாது; அவை கூடும் இடம் சர்வகலாசாலை. 1887-இல் பிரான்ஸ் தேசத்துப் போர்தோ சர்வகலாசாலையில் எமில் துர்க்கைம், சமூக விஞ்ஞானத்தையும் ஆசிரியர்களுக்குரிய கல்வியியலையும் ஒருங்கே போதிக்கும் பதவியை ஏற்றது இப்பொருத்தத்துக்குச் சான்று.

இங்கே கட்டுரை படிக்கவிருக்கும் அன்பர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. நீங்கள் ஆராய்ந்த வகுப்பறையில் என்ன கற்பிக்கப்பட்டது என்பதைச் சொல்லுமுன், அந்த ஊரில் அவ்வகுப்பறைக்கு வராத பிள்ளைகள் யார், அந்நேரத்தில் அவர்கள் எங்கே இருந்தனர் என்பதை இரண்டொரு வாக்கியங்களிலேனும் இச்சபைக்குத் தெரிவியுங்கள். முதற் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.