எடைப்பொறியும் அளவு நாடாவும்



திண்டுக்கல்லை அடுத்து, தாடிக்கொம்பின் அருகே அமைந்த ஊர் அகரம். இத்தகைய ஊர்களில் உடலை அளக்கும் கருவிகள் இரண்டு எல்லோருக்கும் பழக்கமானவை. ஒன்று எடைப்பொறி, மற்றொன்று தையற்காரரின் அளவு நாடா. உடல்நலம் அறிய மக்கள் நாடுவது எடைப்பொறியை. எடை கூடவில்லையெனில் கவலையின்றித் திரும்புகின்றனர். ஆனால் இதயத்திற்கு வரக்கூடிய கேட்டை முன்னரே உணர்த்துவதில் அளவு நாடாவுக்கே சிறப்பிடம் உண்டு. அதனை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

எடையை உயரத்தோடு சேர்த்துக் கணிக்கும் முறையை 1832இல் வகுத்தவர் பெல்ஜிய நாட்டுக் கணித அறிஞர் அடால்ஃப் கெட்டலே. கிலோ கணக்கிலான எடையை, மீட்டர் கணக்கிலான உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் எண் அது. இன்று அதனை உடல் நிறைக் குறியெண் என்பர். பொதுவாக 25ஐத் தாண்டினால் மிகை எடை. ஆசிய மக்களுக்கோ 23லேயே எச்சரிக்கை தொடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல் அறிவித்தது.

இவ்வேறுபாட்டின் காரணத்தை அதே ஆண்டில் இரு மருத்துவர்கள் தம் உடல்களையே சான்றாக வைத்துக் காட்டினர். ஒருவர் புணே நகரின் யாஜ்னிக். மற்றவர் இலண்டனின் யூட்கின். இருவருக்கும் குறியெண் ஒன்றே: 22.3. ஆயினும் யூட்கின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக் உடலில் 21.2 விழுக்காடு. இந்தியரின் உடல் மெலிந்து தோன்றினும் உள்ளே கொழுப்பு மிகுந்திருக்கக்கூடும் என்பதை எடைப்பொறி காட்டவில்லை.

கொழுப்பு எவ்வளவு என்பதோடு எங்கே சேர்கிறது என்பதும் முதன்மையானது. தொடையிலும் இடுப்பின் கீழும் தோலடியில் தங்கும் கொழுப்பு அத்துணைத் தீங்கு செய்வதில்லை. வயிற்றினுள் குடலையும் கல்லீரலையும் சூழ்ந்த கொழுப்போ ஓயாமல் கொழுப்பமிலங்களைக் கல்லீரலுக்கு அனுப்புகிறது. அதனால் இன்சுலின் செயல் குன்றுகிறது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறுகின்றன. ட்ரைகிளிசரைடு கூடி நல்ல கொழுப்பு குறைகிறது. காலப்போக்கில் இதயத்தின் இரத்தக் குழாய்களில் கொழுப்புப் படிந்து அடைப்பு உண்டாகிறது.

கேரளத்தில் பிறந்த மருத்துவர் சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் ஏறத்தாழ 27,000 பேரிடம் நடந்த இண்டர்ஹார்ட் ஆய்வு இதனை உறுதி செய்தது. மாரடைப்போடு நெருங்கிய தொடர்புடையது உடல் நிறைக் குறியெண் அன்று, இடை இடுப்பு விகிதமே என்று 2005இல் அது காட்டியது. தெற்காசியரிடம் முதல் மாரடைப்பு பிற மக்களைவிட ஏறத்தாழ ஆறாண்டு முன்னதாக, 53 வயதளவில் வருவதும் அவ்வாய்வின் வழியே தெரியவந்தது. குடும்பப் பொறுப்புகள் முடிவுறாத வயது அது.

அளக்கும் முறை எளிது. நிமிர்ந்து நின்று, இயல்பாக மூச்சை வெளிவிட்டபின், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே நாடாவைச் சுற்ற வேண்டும். இறுக்கலாகாது, வயிற்றை உள்ளிழுத்தலும் ஆகாது. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது இந்தியருக்குரிய எல்லை. வேட்டியையும் கால்சட்டையையும் தொந்திக்குக் கீழே கட்டுவோர், அவ்வளவையே இடையளவென்று கொள்வது பிழை. அடுத்து, பிட்டத்தின் அகன்ற பகுதியைச் சுற்றி அளந்து, அதனால் இடையளவை வகுக்க வேண்டும். விடை ஆண்களுக்கு 0.90, பெண்களுக்கு 0.85 என்னும் அளவை எட்டினால் கவனம் தேவை. எண்களை நினைவிற் கொள்ள இயலாதோர்க்கு ஒரு விதி போதும்: இடையளவு உயரத்தின் பாதிக்குக் குறைவாக இருத்தல் வேண்டும்.

165 சென்டிமீட்டர் உயரமும் 60 கிலோ எடையும் உடைய ஒரு கடை உரிமையாளரை எண்ணிப் பார்க்கலாம். அவருடைய குறியெண் 22. குறை ஏதும் இல்லை. ஆனால் நாளெல்லாம் கல்லாவில் அமர்ந்திருக்கும் அவருடைய இடை 92 சென்டிமீட்டர் எனில், நாடா சொல்லும் செய்தி வேறு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 56.7 விழுக்காட்டினரும் ஆண்களில் 47.7 விழுக்காட்டினரும் இடை இடுப்பு விகிதத்தின் எல்லையைக் கடந்தவர்களே.

புலால் உண்ணாத குடும்பங்களில் இதயநோய் வாராது என்னும் நம்பிக்கை உண்டு. புலால் மறுத்தல் உயர்ந்த அறம். எனினும் வெண்சோறும் நெய்யும் இனிப்பும் பொரித்த பண்டங்களும் அளவு மீறினால் வயிற்றுக் கொழுப்பு சேரவே செய்யும். வயிறு நிறையுமுன் எழுந்துவிடும் அவமோதர்யம் என்னும் தவமும், இரவுண்ணாமையும் உயிர்க்கருளை நோக்கியும் புலனடக்கத்தை நோக்கியும் வகுக்கப்பட்டவை. அவற்றைக் கடைப்பிடிப்போர்க்கு உடலும் கடன்பட்டிருக்கும். நோன்பிருந்தவர் பாரணை நாளில் இனிப்பை மிகுத்துண்டால் அப்பயன் குறையும்.

நாடா நோயைக் காட்டுவதன்று, எச்சரிப்பது மட்டுமே. எல்லை கடந்தோர் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பரிசோதித்தல் வேண்டும். எல்லைக்குள் இருப்போரும் புகையிலைப் பழக்கமோ குடும்பத்தில் மாரடைப்போ இருந்தால் பரிசோதனையைத் தவிர்க்கலாகாது. வாரத்தில் 150 நிமிடமேனும் விரைந்து நடத்தல் அனைவர்க்கும் நன்று. இம்மாவட்டத்து ஐவர்மலையில் உள்ள 9ஆம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்களைத் தரிசிக்க ஏறுவோர்க்கு நெஞ்சு இறுகினாலோ வழக்கத்தை மீறி மூச்சு வாங்கினாலோ, அதனை முதுமை என்று தள்ளாமல் மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும்.

ஆண்டுதோறும் விழாவிற்குப் புத்தாடை தைக்க அளவு கொடுப்பது வழக்கம். அந்நாளில் வீட்டிலுள்ள பெரியோர் ஒவ்வொருவரின் இடையளவையும் ஒரு ஏட்டில் குறித்து வைத்தால், சென்ற ஆண்டைவிடக் கூடியதா குறைந்ததா என்பது விளங்கும். தம் உடலை அளக்க நேரமில்லாத இல்லத்து அன்னையரின் பெயர் அவ்வேட்டில் முதலாவதாக இருக்கட்டும்.