பதினோரு மீன்

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவ. மைக் பிடிச்சுப் பேசுறது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

ஜெயிச்ச கதையைச் சொல்லச் சொன்னாங்க. நான் முதலில் தோற்ற கதையைச் சொல்றேன். அதுதான் உங்களுக்கு உபயோகப்படும்.

பிள்ளைகள் ஆசைப்பட்டதுக்காக இருபது கப்பி மீன் வாங்கி ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் விட்டேன். கப்பி முட்டை போடாது, குட்டி போடும். ஏறக்குறைய மாசத்துக்கு ஒரு தடவை போடும். ஒரு வருஷத்துக்குள்ள முந்நூறு ஆயிடுச்சு. தொட்டியில் இடம் இல்லை. டவுன் கடைக்காரர் ஜோடி பத்து ரூபாய்க்கு எடுத்துக்கிறேன்னு சொன்னார். சரி, தொழிலாவே செய்யலாம்னு குழுவில் இருபதாயிரம் கடன் வாங்கி, கொல்லையில் ஆயிரம் லிட்டர் பிடிக்கிற சிமெண்ட் தொட்டி கட்டினேன்.

கட்டி மூணு நாள்தான் தண்ணீர் நிறுத்தினேன். அதைத் திறந்துவிட்டு, பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரைப் புதுசா நிரப்பி, உச்சி வெயிலில் மீனை எல்லாம் வாளியில் அள்ளி அப்படியே கொட்டிட்டேன். பெரிய இடம் கிடைச்சிருக்கு, சந்தோஷமா நீந்தும்னு நினைச்சேன். சாயங்காலம் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. விடிஞ்சு பார்த்தா அத்தனையும் செத்து மிதக்குது. முறத்தில் அள்ளி முருங்கை மரத்தடியில் புதைச்சேன். "நான் அப்பவே சொன்னேன்"னார் வீட்டுக்காரர். ரெண்டு வாரம் குழுக் கூட்டத்துக்கே நான் போகலை. கடனை எப்படிக் கட்டுவேன், எந்த முகத்தோட போவேன்?

மூணாவது வாரம் எங்க ஊக்குநர் அக்கா வீட்டுக்கே வந்துட்டாங்க. கடனைப் பத்தி ஒரு வார்த்தை கேட்கலை. "மீன் ஏன் செத்துச்சுன்னு தெரியுமா?"ன்னு மட்டும் கேட்டாங்க. எனக்குத் தெரியலை. "அப்ப அதை முதல்ல தெரிஞ்சுக்குவோம்"னு மீன் வளர்ப்புப் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்கேதான் என் தப்பு எல்லாம் புரிஞ்சது.

முதல் தப்பு, புதுச் சிமெண்ட். அதிலிருந்து சுண்ணாம்புக் காரம் தண்ணீரில் இறங்கிட்டே இருக்கும். இப்போ நான் தண்ணீர் நிரப்பி, வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஒரு வாரம் ஊறவைப்பேன். அப்புறம் வடிச்சுத் தேய்ச்சுக் கழுவுவேன். இப்படி நாலு தடவை. கடைசியா பி.எச். தாளை நனைச்சுப் பார்ப்பேன். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் காட்டினாத்தான் மீன் விடுவேன்.

ரெண்டாவது, குழாய்த் தண்ணீரில் இருக்கிற பிளீச்சிங் பவுடர். நம்மை ஒண்ணும் செய்யாது, மீனோட செவுளை எரிச்சிடும். தண்ணீரைப் பிடிச்சு ரெண்டு நாள் திறந்து வைக்கணும்.

மூணாவது, என் அவசரம். மீனைப் பழைய தண்ணீரோடவே பாலிதீன் கவரில் பிடிச்சு, வெயில் தாழ்ந்த பிறகு, கவரைக் கட்டினபடியே புதுத் தொட்டியில் இருபது நிமிஷம் மிதக்க விடணும். ரெண்டு தண்ணீரோட சூடும் ஒண்ணாகும். பிறகு கவரைப் பிரிச்சு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு டம்ளர் புதுத் தண்ணீர் ஊத்திட்டே வரணும். முக்கால் மணி நேரம் கழிச்சு மீனை மட்டும் வலையில் எடுத்து விடணும். கவர்த் தண்ணீரைத் தொட்டியில் ஊத்தக் கூடாது. அன்னைக்குத் தீனியும் போடக் கூடாது.

இன்னொண்ணு. பழைய தொட்டியில் ஊறின பில்டர் பஞ்சை அலசாம அப்படியே புதுத் தொட்டியில் வைக்கணும். மீன் கழிவோட விஷத்தை முறிக்கிற நல்ல கிருமி அந்தப் பஞ்சில்தான் குடியிருக்கு. புதுத் தொட்டியில் அது தானா உண்டாக வாரக்கணக்கில் ஆகும். அதனால முதலில் அஞ்சு மீன் மட்டும் விட்டு ஒரு வாரம் பார்க்கணும். அது நல்லா இருந்தா, மத்ததைக் கொஞ்சம் கொஞ்சமா விடலாம்.

மறுபடி மீனுக்கு எங்கே போனேன்னு கேட்பீங்க. அன்னைக்கு வலையில் சிக்காம பழைய தொட்டி அடியில் பதினோரு மீன் தங்கியிருந்துச்சு. அப்புறம் பிடிச்சுக்கலாம்னு அசட்டையா விட்டது. அந்தப் பதினொண்ணுதான் பிழைச்சது. இன்னைக்கு என் மூணு தொட்டியில் இருக்கிறதெல்லாம் அதோட வாரிசுங்க. தவணை கட்ட ஆறு மாசம் பொறுத்துக்கிட்டாங்க என் குழு அக்காமார்கள். போன மாசம் கடைசித் தவணையைக் கட்டிட்டேன். கடன் முடிஞ்ச பாஸ்புக்கை வீட்டுக்காரர்தான் வாங்கிப் பார்த்தார். ஒண்ணும் சொல்லலை. மறுநாள் நாலாவது தொட்டிக்குச் செங்கல் இறக்கிட்டார்.

யாருக்கு ஆசை இருக்கோ, வீட்டுக்கு வாங்க. அஞ்சு மீன் சும்மாவே தர்றேன். ஆனா தொட்டியை ஊறவெச்சுட்டு வாங்க.