மாதம் நிறைந்த பிள்ளைப்பேறும் சங்கத்தின் கடமையும்

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



வரவு செலவையும் வாய்தாத் தவறிய கடன்களையும் பற்றிப் பேசவேண்டிய இடத்தில், பிரசவத்தைப் பற்றிப் பேச இந்த உத்தியோகஸ்தன் ஏன் எழுந்தான் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். பிள்ளைப்பேறு பெண்டிர் காரியம், அதில் ஆண்மக்களுக்கு என்ன வேலை என்பது நம் நாட்டில் நெடுநாளைய எண்ணம். ஆயினும், வீட்டுப் பணப்பை பெரும்பாலும் யார் கையில் இருக்கிறது? வண்டி பிடிப்பவர் யார்? ஆஸ்பத்திரிக்கு இன்றே போவதா, நாளை பார்த்துக்கொள்வதா என்று தீர்மானிப்பவர் யார்? இவற்றை யோசித்தால், இவ்விஷயத்தை இச்சபையில் பேசுவதே பொருத்தமென்பது விளங்கும்.

கதிர் முற்றுமுன் அறுத்தால் களத்தில் பதரே மிகும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கருவுக்கும் அவ்வாறே ஒரு காலம் உண்டு. கடைசியாக வீட்டுக்கு விலக்கான நாள் முதல் கணக்கிட்டால் 40 வாரம், அதாவது 280 நாள். 37 வாரம் நிறைவதற்கு முன் பிறக்கும் சிசுவைக் குறைமாதக் குழந்தை என்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். 2020-ஆம் வருஷத்தில் உலகமெங்கும் ஏறக்குறைய 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள், அதாவது பத்தில் ஒன்று, இவ்விதம் பிறந்தன என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பு. இத்தகைய சிசுவின் சுவாசப்பைகள் முற்றியிரா. உடற்சூடு எளிதில் குறைந்துவிடும். பால் உறிஞ்சவும் வலுவிராது. பிழைத்த பின்னும் சில குழந்தைகளுக்குப் பார்வையிலும் செவியிலும் வளர்ச்சியிலும் குறை நேர்வதுண்டு.

இது தலைவிதி என்றும், மருமகள் வந்த ராசி என்றும் சொல்லும் வழக்கத்தை முதலில் விட்டொழிக்க வேண்டும். காரணம் இன்னதென்று அறியப்படாமலே முன்கூட்டிப் பிரசவமாவதும் உண்டு. அதற்காகத் தாயைப் பழிப்பது அநியாயம். ஆனால் தெரிந்த காரணங்களும் பல. அதிக ரத்த அழுத்தம், நீரிழிவு, சிறுநீர்த் தாரையில் உண்டாகும் கிருமி நோய், ரத்த சோகை, இளம்வயதில் கருத்தரித்தல், ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருவுக்கும் போதிய இடைவெளியின்மை, புகையிலை ஆகியவை அவற்றுட் சில. இவற்றிற் பெரும்பாலானவற்றை முன்னதாகக் கண்டுபிடிக்கலாம். சிலவற்றை அறவே தவிர்க்கலாம்.

முதலாவது, கர்ப்பம் தெரிந்தவுடன், 12 வாரத்துக்குள்ளாகவே, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யவேண்டும். வளைகாப்புக்கு நாள் பார்த்து, வளையலுக்கும் சித்திரான்னங்களுக்கும் கடன் வாங்கிச் செலவிடுகிறோம். அந்த ஏழாம் மாதத்துக்குள் ரத்தமும் சிறுநீரும் ரத்த அழுத்தமும் எத்தனை முறை பரிசோதிக்கப்பட்டன என்று கேட்கும் மாமனார் எத்தனை பேர்? 2016-ஆம் வருஷம் முதல் பிரதி மாதம் 9-ஆம் தேதி அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடத்தும் ஏற்பாடும் உண்டு.

இரண்டாவது, சோகை. கர்ப்பிணியின் 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் அது சோகை. 1928-ஆம் வருஷத்தில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மாது பம்பாய்க்கு வந்து, ஆலைத் தொழில் செய்த ஏழைக் கர்ப்பிணிகளின் சோகையை ஆராய்ந்தார். ஈஸ்டிலிருந்து எடுத்த சத்து அவர்களைக் குணப்படுத்தியதைக் கண்டு, 1931-இல் வெளியிட்டார். அதிலிருந்த பொருளே பின்னர் போலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. இன்று அதுவும் இரும்புச் சத்தும் சேர்ந்த மாத்திரை, நான்காம் மாதம் முதல் தினம் ஒன்றாக 180 நாள் இலவசமாகவே கொடுக்கப்படுகிறது. மாத்திரை தின்றால் பிள்ளை கறுத்துப் பிறக்கும் என்று சிலர் அதை எறிந்துவிடுகிறார்கள். மலம் கறுப்பது இரும்பினால். பிள்ளையின் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மாத்திரையைக் காபி, தேநீரோடு சேர்த்து உட்கொள்ளலாகாது.

மூன்றாவது, ஆகாரமும் ஓய்வும். நிறையத் தின்றால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும் என்று கர்ப்பிணிக்குச் சோற்றைக் குறைப்பது பெரும் பிழை. வீட்டில் எல்லாரும் உண்டபின் மிச்சத்தை உண்பவள் அவளாக இருக்கலாகாது. கீரை, பயறு, கேழ்வரகு, முட்டை, பால் முதலியவற்றில் கிடைப்பதை அவளுக்கு முதலிற் பரிமாறுங்கள். கடைசி மாதங்களில் பாரம் சுமக்கவிடாதீர்கள். அவள் புகையிலை போடலாகாது; நீங்களும் அவளருகில் பீடி பிடிக்கலாகாது. பெண்ணுக்கு 18 வயது நிறையுமுன் விவாகம் செய்வதை 2006-ஆம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது. ஒரு பிரசவத்துக்குப்பின் அடுத்த கருவுக்கு 24 மாதமேனும் இடைவெளி வேண்டும்.

நான்காவது, அபாயக் குறிகள். உதிரப் போக்கு, பனிக்குட நீர் கசிதல், காலம் வருமுன் வயிறு விட்டுவிட்டு இறுகுதல், முகமும் கையும் வீங்குதல், கடுந் தலைவலி, பார்வை மங்கல், சுரம், சிசுவின் அசைவு குறைதல் ஆகிய இவற்றில் ஒன்று தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. 1972-இல் நியூஜீலந்து தேசத்து வைத்தியர்களான லிக்கின்ஸ், ஹோவி என்போர், குறைமாதப் பிரசவம் நேரக்கூடிய தாய்க்கு ஒருவகை ஸ்டீராய்டு ஊசி முன்னதாகப் போட்டால் சிசுவின் சுவாசப்பைகள் விரைவில் பக்குவமடையும் என்று காட்டினார்கள். அம்மருந்து வேலை செய்ய அவகாசம் வேண்டும். பிரசவத்துக்கு ஒருநாள் முன்னதாகக் கிடைத்தால் பலன் மிகுதி. ஆகவே வண்டிக்கும் பணத்துக்கும் அலையும் ஒவ்வொரு மணி நேரமும் குழந்தையின் மூச்சிலிருந்து கழிகிறது.

அப்படியும் குறைமாதத்திலே பிறந்துவிட்டால் நம்பிக்கை இழக்கவேண்டாம். 1978-இல் கொலம்பியா தேசத்துப் பொகோட்டா நகரில் தொடங்கிய முறைப்படி, சிசுவைத் தாயின் மார்போடு தோலுக்குத் தோல் படும்படி அணைத்து வைத்துத் தாய்ப்பாலே கொடுத்துவந்தால் பல குழந்தைகள் பிழைக்கின்றன. தாய்க்கு ஓய்வு வேண்டும்போது தகப்பனும் அவ்வாறு அணைத்துக்கொள்ளலாம். டாக்டர் சொன்னபடி இதைச் செய்யவேண்டும்.

இனிச் சங்கத்தின் கடமை. 1904-ஆம் வருஷத்துச் சட்டத்தின்கீழ் நம் ராஜதானியில் ஐக்கிய நாணய சங்கங்கள் தோன்றியது, அவசர காலத்தில் குடியானவன் வட்டிக்காரன் வாசலில் நிற்கக்கூடாது என்பதற்காகவே. பிரசவத்தைவிட அவசரம் வேறென்ன? ஆகையால் மூன்று தீர்மானங்களை உங்கள் யோசனைக்கு வைக்கிறேன். ஒன்று, பொது நன்மைக்கென ஒதுக்கும் தொகையில், விதிகள் இடங்கொடுக்குமளவு, கர்ப்பிணிகளின் பிரயாணச் செலவுக்கென ஒரு சிறு தொகையைத் தனியே வைத்து, கேட்ட அன்றே கொடுத்தல். இரண்டு, கார், வேன் வைத்திருக்கும் அங்கத்தினர்களின் பெயரையும், 2008 முதல் நம் மாகாணத்தில் ஓடும் 108 ஆம்புலன்ஸ் எண்ணையும் சங்கக் கட்டிடத்தின் சுவரில் எழுதி வைத்தல். மூன்று, 1987-இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவியைப் பெறப் பதிவு அவசியமாதலால், பதிவு செய்யத் தெரியாத குடும்பத்துக்குக் காரியதரிசி உதவுதல்.

பயிர்க் கடன் கொடுத்த வயலில் விளைவு எப்படி என்று விசாரிக்கிறோம். அங்கத்தினர் வீட்டில் வளரும் கருவைப் பற்றியும் அதே கவலை நமக்கு இருக்கட்டும். இத்தீர்மானங்களை இன்றே நிறைவேற்றுவீர்களாயின் இக்கூட்டம் கூடியதன் பயன் கிட்டும்.