உறுதி வாசித்தல்: பழைய கையெழுத்தும் குடும்ப வரலாறும்

வல்வெட்டித்துறைக் குடும்பம் ஒன்றின் வரலாறு பெரும்பாலும் றங்குப்பெட்டியின் அடியில், காணி உறுதிகளாகக் கிடக்கும். காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதித்தது. அதன்பின் சீதனம், நன்கொடை, விலை, ஈடு, ஒற்றி எல்லாமே உறுதியாயின. உறுதிகளைப் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகள் பல. அவற்றை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசிக்கத் தெரிந்தவர் உள்ள வீடுகள் சில. தமிழ் நன்றாகப் படித்தவரும் பழைய உறுதியின் இரண்டாம் வரியில் நின்றுவிடுகிறார்.

தடை ஓலையிலிருந்து வந்தது. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்பதால் ஓலையில் எழுதியவர்கள் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. எகர ஒகரங்களில் குறிலும் நெடிலும் ஒரே வடிவம். சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. ஆகாரத்தின் காலும் ரகரமும் ஒரே கோடு. குறில் நெடிலைப் பிரித்துக் காட்டும் வடிவங்களை வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் வகுத்தார், அச்சு அவற்றை ஏற்றது. எழுதுவோரின் கை மட்டும் நெடுங்காலம் ஓலைப் பழக்கத்திலேயே நின்றது. கொம்பு, பகரம், ஒரு கோடு, னகரம் என்று ஓர் உறுதியில் வந்தால் அது ‘பொன்’ ஆகலாம், ‘போன’ ஆகலாம், ‘பேரன்’ ஆகலாம். நகையா, பேரப்பிள்ளையா என்பதை எழுத்து சொல்லாது, வாக்கியம்தான் சொல்லும். இவற்றோடு ணா, றா, னா, லை, ளை போன்றவற்றின் பழைய கூட்டு வடிவங்களும் உண்டு. தமிழ்நாட்டு அரசு 1978இல் 13 எழுத்துகளின் வடிவை மாற்றிய பின் படித்தவர்களுக்கு இவை புதிர்.

ஜெர்மனியில் குடியேறிய வல்வெட்டித்துறையாரின் பிள்ளைகள் இதற்கு நேரான நிலையை அங்கே காணலாம். ஜெர்மன் மக்கள் குரெண்ட் என்ற சாய்வெழுத்தில் எழுதிவந்தார்கள். லுட்விக் சுட்டர்லின் வகுத்த அதன் எளிய வடிவம் 1915 முதல் பிரஷ்யப் பள்ளிகளில் கற்பிக்கப்பட்டது. 1941இல் அந்த எழுத்து நிறுத்தப்பட்டதால் பாட்டனின் கடிதத்தைப் பேரன் வாசிக்க முடியாமற் போயிற்று. அதில் ‘e’ என்ற எழுத்து ‘n’ போலத் தோன்றும், ‘u’வைப் பிரித்தறிய மேலே ஒரு வளைவு இடுவார்கள். ஜெர்மன் வாசகர் புதிய நெடுங்கணக்கு ஒன்றையே கற்க வேண்டும். தமிழ் வாசகருக்கு எழுத்து தெரியும், ஒரே எழுத்து எத்தனை ஒலிக்கு நிற்கிறது என்பதுதான் சிக்கல். முன்னது கண்ணுக்கு வேலை. பின்னதற்கு உறுதியின் நடை பழகியிருக்க வேண்டும்.

அந்த நடை மாறாதது. திகதி, கொடுப்பவர், பெறுபவர், உரித்து வந்த வழி, காணியின் பெயர், அளவு, எல்லை, விலை, சாட்சி, கைநாட்டு என்று ஏறத்தாழ ஒரே ஒழுங்கில் வரும். தொடங்க வேண்டிய இடம் திகதி. பழைய உறுதியில் ௲௮௱௭௰௨ என்றிருந்தால் ஆயிரம், எட்டு நூறு, ஏழு பத்து, இரண்டு, அதாவது 1872. ௧ ககரம் போலவும், ௮ அகரம் போலவும், ௭ எகரம் போலவும் இருப்பதால் எண்ணை எழுத்தென்று வாசித்துத் தடுமாறுவது வழக்கம். ௵ வருடம், ௴ மாதம், ௳ நாள், ௸ மேற்படி. சாதக ஓலையில் அறுபதாண்டு வட்டப் பெயர் வரும். பிரபவ என்றால் 1867, 1927, 1987 போன்ற ஆண்டுகளில் ஒன்று. சகாப்த எண்ணும் இருந்தால் 78ஐக் கூட்டித் தீர்க்கலாம்.

அளவு பரப்பிலும் குழியிலும் சொல்லப்படும். வரகுப் பரப்பு ஒன்றுக்கு 18 குழி, நெற்பரப்பு ஒன்றுக்கு 12 குழி. ஏக்கருக்கு 16 வரகுப் பரப்பு. எல்லைப் பகுதியை அவசரக்காரர் தாண்டிப் போவார்கள். அது பெரும் பிழை. ஒரு வளவு பிள்ளைகளுக்குப் பிரிந்தபோது கிழக்கெல்லையில் அக்காவும் வடக்கெல்லையில் தம்பியும் நிற்பார்கள். ஒழுங்கை போக மிச்ச எல்லைகளில் உள்ள பெயர்கள் பல வேளைகளில் உடன்பிறந்தாரின் பட்டியலே.

உரித்து வந்த வழியைக் கூறும் பகுதிக்குத் தேசவழமை தெரிய வேண்டும். யாழ்ப்பாணத்து வழக்கங்களை ஒல்லாந்தருக்காக கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்தார், 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்டவலு கொடுத்தார்கள். முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்ற சொற்களின் பொருள் அதில் உள்ளது. தாயின் சீதனம் மகளுக்குச் சீதனமாகப் போவது அந்த வழமை. ஆகவே வீட்டு வளவின் உறுதியைப் பின்னோக்கிப் பிடித்துப்போனால் மகளிலிருந்து தாய், தாயிலிருந்து பாட்டி என்று பெண்வழியே கிடைக்கும். தந்தைவழிப் பெயரை மட்டும் தேடுகிறவர் தம் கையிலுள்ள சிறந்த சான்றை விட்டுவிடுகிறார்.

பெயர்களிலும் ஏமாற இடமுண்டு. பாட்டன் பெயர் பேரனுக்கு வரும், வேலுப்பிள்ளை ஓர் உறுதியில் வேலர் ஆவார். இரண்டு வேலுப்பிள்ளைகளைப் பிரிக்க மனைவி பெயரையும் எல்லையையும் ஒப்பிட வேண்டும். பெயர் மாறினால் ஆள் மாறிவிட்டார் என்றும் கொள்ளக்கூடாது. 1938இல் வல்வெட்டித்துறையிலிருந்து அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்த அன்னபூரணி என்ற கப்பலே புளோரன்ஸ் சி. ராபின்சன் என்ற பெயரிலும் பதிவுகளில் இருக்கிறது.

ஒல்லாந்தர் காலத்துக்கு, அதாவது 1658 முதல் 1795 வரைக்கு, தோம்புகள் என்ற பதிவேடுகளே வாயில். காணித் தோம்பில் நிலம், தலைத் தோம்பில் ஆட்கள். ஒல்லாந்தர் ஆவணங்கள் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் உள்ளன. அவர்களுடைய கையெழுத்து ஜெர்மன் குரெண்டுக்கு உறவு, இரண்டுமே கோதிக் சாய்வெழுத்திலிருந்து வந்தவை. தமிழ்ப் பெயர்கள் ஒல்லாந்தக் காதுக்குக் கேட்டபடி எழுதப்பட்டிருப்பதால் கண்ணால் பார்ப்பதைவிட வாய்விட்டு வாசித்தால் பெயர் விரைவில் பிடிபடும். ஒல்லாந்துக் கம்பனியின் ஆவணங்களைப் படிக்க டிரான்ஸ்கிரிபஸ் என்ற கணினிக் கருவியும் இப்போது பயன்படுகிறது. பொதுச் சொற்களில் அது கைகொடுக்கும். பெயர்களை மனிதர் சரிபார்த்தே ஆக வேண்டும்.

பழகுவதற்கு மிகப் பழைய உறுதியை முதலில் எடுப்பது வீண். செய்தி ஏற்கெனவே தெரிந்த, மிகப் பிந்திய உறுதியில் தொடங்கிப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். ஒரே நொத்தாரிசின் பல உறுதிகளை அடுக்கி, அந்தக் கையின் ணகரம் எது, ளகரம் எது என்று ஒரு தாளில் பெயர்த்து வைத்தால் பாதி வேலை முடிந்தது. படியெடுக்கும்போது முதல் தாளில் உள்ளதை உள்ளபடியே எழுதி, புள்ளியும் இடைவெளியும் இரண்டாம் தாளில்தான் சேர்க்க வேண்டும். முதலிலேயே புள்ளி வைத்துவிட்டால் தவறான வாசிப்பே பிறகு ஆவணமாகிவிடும். ஓலையைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்தால் கரி மங்கிய கீறலும் தெரியும். இடப்பெயர்வில் உறுதி தொலைந்த குடும்பத்துக்கும் வழியுண்டு. நொத்தாரிசு ஒரு பிரதியைக் காணிப் பதிவாளருக்கு அனுப்புவது சட்டம். நொத்தாரிசின் பெயரும் உறுதி இலக்கமும் தெரிந்தால் அந்தப் பிரதியைத் தேடலாம், அவ்விரண்டும் அயற்காணியின் உறுதியிலோ உடன்பிறந்தாரின் உறுதியிலோ எழுதப்பட்டிருக்கக்கூடும்.